மெழுகுத் தட்டில் வளர்ந்த பாடம்

கல்லூரி முதலாண்டில் கற்பிக்கப்படும் உயிரியல், செடிகொடிகளையும் விலங்குகளையும் மனித உடலையும் ஒரே பாடத்துக்குள் கொண்டுவந்து, உயிரணுவில் தொடங்கி உறுப்பு மண்டலங்கள் வரை படிப்படியாகச் செல்லும் இன்றைய வடிவத்தைப் பெற்று ஏறத்தாழ 150 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் ஐரோப்பாவில் இம்மூன்றும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆசிரியர்களால், வெவ்வேறு நோக்கங்களுக்காகக் கற்பிக்கப்பட்டன. தாவரவியல் மருத்துவப் பள்ளிகளின் மூலிகைத் தோட்டத்தைச் சார்ந்திருந்தது. விலங்குகள் அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளில் தோலாகவும் எலும்பாகவும் வகைப்பாட்டுக்காக அடுக்கப்பட்டிருந்தன. உடலின் கட்டமைப்பை ஆராயும் உடற்கூற்றியலும், உறுப்புகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை ஆராயும் உடலியங்கியலும் மருத்துவராக விரும்புவோருக்கு மட்டும் உரியவையாக, மருத்துவமனைகளை ஒட்டிய பள்ளிகளுக்குள் அடங்கியிருந்தன.

மனித உடலைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினைக்குச் சட்டமும் ஒரு காரணம். பிரிட்டனில் 1832இல் இயற்றப்பட்ட உடற்கூற்றுச் சட்டம், உரிமை கோருவார் இல்லாத பிணங்களை அறுத்துப் படிப்பதற்கு வழிசெய்தபோதிலும், உரிமம் பெற்ற உடற்கூற்று ஆசிரியர்களுக்கும் அவர்களின் மாணவர்களுக்கும் மட்டுமே அவ்வனுமதியை வழங்கியது. அறுக்கப்பட்ட உடல்களில் பெரும்பாலானவை ஏழைகளின் விடுதிகளிலிருந்து வந்தவை என்பதையும் இங்கே சொல்லாமல் விட இயலாது. மருத்துவம் படிக்காமல், பள்ளி ஆசிரியராகவோ பொறியாளராகவோ ஆகவிருந்த ஒருவர், தம் உடலுக்குள் இருப்பதைத் தம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் அதற்கு வழியே இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் தவளை. ஆகவே, கல்லூரி உயிரியலின் வரலாற்றை எழுதுவோர் எந்தக் காலத்தில் எந்தக் கோட்பாடு கற்பிக்கப்பட்டது என்று கேட்பதோடு, எந்த ஊரில் எந்த விலங்கு தட்டில் கிடந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மாணவர்கள் எதை ‘உயிர்’ என்று கண்டுகொண்டார்கள் என்பதை இந்த இரண்டாவது கேள்வியே பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது.

இப்பாடத்தை இன்றைய உருவில் அமைத்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. ‘ராட்டில்ஸ்நேக்’ என்ற கடற்படைக் கப்பலில் உதவி அறுவை மருத்துவராக 1846 முதல் 1850 வரை பயணம் செய்து, கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற அவர், 1854இல் லண்டன் ஜெர்மின் வீதியிலிருந்த அரசுச் சுரங்கப் பள்ளியில் இயற்கை வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே விரிவுரை மண்டபம் இருந்ததே தவிர மாணவர் உட்கார்ந்து அறுத்துப் பார்க்க ஓர் அறை இல்லை. ஆகவே கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டிகளால் உயிரினங்களை வரைந்து காட்டியே அவர் பாடம் நடத்தினார். 1870இல் நிறைவேறிய கல்விச் சட்டம் நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளைத் திறக்கச் செய்ததால், அறிவியல் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் திடீரெனத் தேவைப்பட்டனர். அவ்வாசிரியர்களுக்காக 1870களின் தொடக்கத்தில் லண்டனின் தென் கென்சிங்டனில், இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக இருக்கும் கட்டடத்தில், கோடைக்கால வகுப்புகள் தொடங்கப்பட்டன. காலையில் ஒரு விரிவுரை, அதன்பின் பல மணி நேரம் அதே உயிரினத்தை நுண்ணோக்கியிலும் தட்டிலும் மாணவரே பார்த்து, அறுத்து, வரைதல் என்பதே அவ்வகுப்பின் ஒழுங்கு. மைக்கேல் ஃபாஸ்டர், வில்லியம் ரதர்ஃபோர்டு, ரே லங்காஸ்டர் ஆகியோர் செய்முறை ஆசிரியர்களாக உதவினர். பிற்காலத்தில் மூவரும் தத்தம் துறையில் பெரியவர்களாயினர்.

ஹக்ஸ்லி தம் மாணவரான ஹென்றி நியூவெல் மார்ட்டினுடன் சேர்ந்து 1875இல் வெளியிட்ட செய்முறை உயிரியல் கையேட்டில் அந்த வகுப்பின் திட்டம் அச்சேறியது. அதன் உள்ளடக்கம் இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும் அளவுக்குச் சிறியது: ஈஸ்ட், ஓரணுப் பாசி, அமீபா, பாக்டீரியா, பூஞ்சணம், கேரா என்ற நீர்ப்பாசி, பெரணி, அவரை இனச் செடி, வார்ட்டிசெல்லா, ஹைட்ரா, நன்னீர் மட்டி, கிரேஃபிஷ் என்னும் சிறிய நன்னீர் இறாலினம், தவளை. கோடிக்கணக்கான உயிரினங்கள் நிறைந்த உலகிலிருந்து இந்தச் சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பெரும் பிரிவின் வகைமாதிரியாக, அதாவது அப்பிரிவின் பொதுப் பண்புகளைத் தன்னுள் காட்டி நிற்கும் எடுத்துக்காட்டாகக் கொள்வதே அவருடைய முறை. நூறு விலங்குகளின் பெயரை மனப்பாடம் செய்தவரைவிட ஒரே விலங்கை முழுவதும் அறிந்தவர் உயிரியலை நன்கு அறிவார் என்பது அவருடைய உறுதியான கருத்து; கிரேஃபிஷ் ஒன்றை மட்டுமே வைத்து விலங்கியல் முழுவதற்கும் அறிமுகமாக அவர் எழுதிய தனி நூல் அக்கருத்தின் உச்சம் எனலாம்.

அந்தக் கையேடு எளிய உயிரில் தொடங்கிச் சிக்கலானதில் முடிந்தது. பரிணாமக் கொள்கைக்கு அது பொருத்தமாக இருந்தாலும், நுண்ணோக்கியையே முன்பின் பார்த்திராத மாணவர்கள் முதல் நாளிலேயே ஈஸ்ட்டைத் தேடித் திணற நேர்ந்தது. எனவே 1888இல் ஹோஸ், ஸ்காட் ஆகியோர் திருத்திய பதிப்பில் வரிசை தலைகீழாக மாற்றப்பட்டு, தவளை முதலிடத்துக்கு வந்தது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இதயமும் ஈரலும் குடலும் கொண்ட ஒரு விலங்கிலிருந்து, அதாவது மாணவர் தம் உடலைப் பற்றி ஓரளவு அறிந்திருப்பதிலிருந்து தொடங்குவதே எளிது என்று ஹக்ஸ்லியும் ஏற்றுக்கொண்டார். உலகெங்கும் உயிரியல் மாணவர்களின் முதல் நினைவு ஒரு தவளையாக அமைந்ததில் இந்த வரிசை மாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு.

தவளைக்கு அந்த இடம் தற்செயலாகக் கிடைத்ததல்ல. உடலியங்கியலார் அதற்கு முன்பே அதனை நன்கு அறிந்திருந்தனர். லூயிஜி கால்வானி 1791இல் வெளியிட்ட ஆய்வில் தவளையின் கால் தசை மின்சாரத்தால் துடிப்பதைக் காட்டியதிலிருந்து, நரம்பையும் தசையையும் ஆராய அதுவே கருவியாயிற்று. கெண்டைக்கால் தசையை அதனுடன் இணைந்த சயாட்டிக் நரம்போடு உடலிலிருந்து பிரித்தெடுத்து, உப்புக் கரைசலால் நனைத்து வைத்தால், அது நெடுநேரம் உயிர்ப்புடன் இருந்து ஒவ்வொரு மின்தூண்டலுக்கும் சுருங்கும். கார்ல் லுட்விக் 1847இல் அமைத்த கைமோகிராஃப், புகைக்கரி பூசிய காகிதம் சுற்றிய, மெல்லச் சுழலும் உருளை. தசையுடன் கட்டிய நெம்புகோலின் முனை அக்கரியில் வெள்ளைக் கோடாகச் சுருக்கத்தின் உருவத்தைக் கீறும். அந்தக் கோட்டை வார்னிஷில் தோய்த்து உலர்த்தி நோட்டில் ஒட்டிய மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இந்தியாவிலும் பல தலைமுறையினர். மூளை அகற்றப்பட்ட தவளையின் விலாவில் அமிலம் தொட்ட காகிதத் துண்டை வைத்தால் அது காலைத் தூக்கி அக்காகிதத்தைத் துடைத்தெறியும். மூளையின்றித் தண்டுவடமே நடத்தும் அனிச்சைச் செயலுக்கு அதுவே வகுப்பறைச் சான்று. ‘தவளைக்கு ஆன்மா உண்டா’ என்ற தலைப்பில் 1870இல் ஒரு தத்துவக் கழகத்தின் முன் ஹக்ஸ்லி கட்டுரை வாசித்தார் என்பது, அவருக்குத் தவளை வெறும் பாடப்பொருளாக மட்டும் இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

அந்த உப்புக் கரைசலுக்கும் ஒரு கதை உண்டு. லண்டன் மருத்துவரான சிட்னி ரிங்கர் 1882இல், தவளையின் இதயம் எந்தக் கரைசலில் நெடுநேரம் துடிக்கும் என்று ஆராய்ந்தபோது, சாதாரண உப்பு நீரே போதும் என்ற முடிவுக்கு வந்தார். பின்னர், அக்கரைசல் காய்ச்சி வடித்த நீரால் செய்யப்படாமல் குழாய் நீரால் செய்யப்பட்டிருந்தது தெரிய வந்தது. வடித்த நீரில் செய்து பார்த்தபோது இதயத் துடிப்பு விரைவிலேயே தளர்ந்தது. லண்டன் குழாய் நீரில் கரைந்திருந்த கால்சியமே இதயத்தை இயக்கியது என்று 1883இல் அவர் திருத்தி எழுதினார். தசைச் சுருக்கத்தில் கால்சியத்தின் பங்கு அறியப்பட்டதன் தொடக்கம் அது. 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அக்கரைசலில் லாக்டேட்டைச் சேர்க்க, அதுவே இன்று மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டிலருகே தொங்கும் ‘ரிங்கர் லாக்டேட்’ பாட்டிலாயிற்று. தவளை வழியாக மனித உடலைப் படித்தது சிறுபிள்ளைகளின் பதிலி ஏற்பாடு என்று எண்ணுவோர் இந்தப் பாட்டிலை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஹக்ஸ்லியின் முறை அட்லாண்டிக் கடலைத் தாண்டியது மார்ட்டின் வழியாகத்தான். 1876இல் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் முதல் உயிரியல் பேராசிரியராக அவர் சென்று, மருத்துவம் பயிலப் போவோர் அதற்கு முன் உயிரியலும் உடலியங்கியலும் செய்முறையாகக் கற்க வேண்டும் என்ற ஏற்பாட்டை வளர்த்தார். மருத்துவர் அல்லாதோரும் படிக்கும்படி 1881இல் மனித உடல் பற்றிய பெரிய பாடநூலையும் எழுதினார். அமெரிக்கக் கல்லூரிகளில் பொது உயிரியல் முதலிலும், மனித உடற்கூற்றியலும் உடலியங்கியலும் இணைந்த பாடம் அடுத்தும் வரும் ஒழுங்கு இவ்வழியில் உருவாகியதே. அவருடைய மாணவர்களான செட்ஜ்விக்கும் வில்சனும் 1886இல் எழுதிய பொது உயிரியல் நூல், வகைமாதிரிகளை இன்னும் சுருக்கி, மண்புழு ஒன்றையும் பெரணி ஒன்றையும் மட்டுமே மையமாகக் கொண்டது.

கிழக்கே வந்த வழி வேறு. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், லண்டனின் பாடத்திட்டங்கள் மாறும்போது தானும் பின்தொடர்ந்தது. லங்காஸ்டரிடம் பயின்ற ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன் 1880களின் நடுவில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு உயிரியல் பேராசிரியராக வந்தபோது, தென் கென்சிங்டன் மரபு நேரடியாகவே கடற்கரையை ஒட்டிய அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது. போர்ன் தென்னிந்திய மண்புழுக்களையும் தேள்களையும் ஆராய்ந்தவர். ஆனால் மாணவரின் கையிலிருந்த நூல்கள் ஐரோப்பிய விலங்குகளைப் பற்றியவை. ஹக்ஸ்லியின் செய்முறை உதவியாளராக இருந்து நியூசிலாந்துக்குச் சென்ற ஜெஃப்ரி பார்க்கர், சிட்னியிலிருந்த ஹாஸ்வெல்லுடன் இணைந்து எழுதி 1897இல் வெளிவந்த இரு தொகுதிப் பாடநூல், இந்தியாவின் விலங்கியல் மாணவர்களுக்கு ஏறத்தாழ வேதமாயிற்று.

இதனால் எழுந்த இக்கட்டு சிறியதல்ல. நூலில் விவரிக்கப்பட்டது லம்ப்ரிகஸ் என்ற ஐரோப்பிய மண்புழு. மாணவர் தோண்டியெடுத்து வந்ததோ இந்திய மண்ணில் மிகுதியாகக் கிடைக்கும் ஃபெரிடிமா. இனப்பெருக்கக் காலத்தில் முட்டைக்கூட்டை உருவாக்கும் தடித்த வளையம் லம்ப்ரிகஸில் 32ஆம் கண்டத்திலிருந்து 37ஆம் கண்டம் வரை இருக்கும். ஃபெரிடிமாவில் அது 14, 15, 16ஆம் கண்டங்களில் இருக்கிறது. மண்ணைப் பற்றி நகர உதவும் சீட்டா என்னும் நுண்முட்கள் முன்னதில் கண்டத்துக்கு எட்டு மட்டும். பின்னதில் உடலைச் சுற்றி முழு வளையமாக அமைந்திருக்கின்றன. கழிவை வெளியேற்றும் நெஃப்ரிடியக் குழல்கள் முன்னதில் தோலின் வழியே வெளியே திறக்கின்றன. பின்னதில் அவற்றுள் ஒரு பகுதி குடலுக்குள்ளேயே திறக்கிறது. நூலையும் தட்டையும் மாறி மாறிப் பார்க்கும் மாணவருக்கு இரண்டு வழிகளே இருந்தன: கண்டதை எழுதி மதிப்பெண் இழப்பது, அல்லது காணாததை வரைந்து தேறுவது. பெரும்பாலோர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. உள்ளதை உள்ளபடி காணப் பழக்குவதற்காகவே ஹக்ஸ்லி அமைத்த முறை, கடல் கடந்ததும் நேர்மாறான பழக்கத்தைக் கற்பித்தது.

இதனைத் திருத்த முனைந்தவர் லக்னோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் கரம் நாராயண் பால். ஃபெரிடிமாவின் குழல்கள் குடலுக்குள் திறக்கும் புதுமையை 1919இல் முதலில் விளக்கியவரும் அவரே. வறண்ட காலத்தில் உடலின் நீரை வீணாக்காமல் மீட்டுக்கொள்ள இவ்வமைப்பு உதவுகிறது என்று அவர் கருதினார். ஆங்கிலேயர் தம் நாட்டு விலங்குகளுக்கு எழுதிவைத்ததைப் போன்ற தனிநூல்கள் இந்திய விலங்குகளுக்கும் வேண்டும் என்று கருதி அவர் தொடங்கிய இந்திய விலங்கியல் தனிநூல் வரிசையில், 1926இல் முதலாவதாக அவருடைய ஃபெரிடிமாவே வெளிவந்தது. தொடர்ந்து செவுளும் நுரையீரலும் ஒருங்கே கொண்ட பைலா நத்தை, இந்தியாவில் இயற்கையாக வாழாத கிரேஃபிஷுக்கு ஈடான பாலிமன் இறால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆர். கோபால அய்யர் எழுதிய கடல்முள்ளி எனப் பலவும் வந்தன.

வரிசையின் இரண்டாவது நூல் தமிழ் வாசகர் தனியே கவனிக்கத்தக்கது. லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த இலங்கைத் தமிழரான இவாஞ்சலின் முத்தம்மா தில்லையம்பலம், ஸ்கோலியோடான் என்னும் சிறு சுறாவைப் பற்றி 1928இல் எழுதியது அது. பின்னர் யாழ்ப்பாணம் திரும்பிச் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்தவர் அவர். ஐரோப்பிய நூல்களிலிருந்த நாய்மீன் என்னும் சுறா தோல்பை போன்ற உறைக்குள் முட்டையிடுவது. ஸ்கோலியோடானோ, பாலூட்டிகளின் நச்சுக்கொடியை ஒத்த ஓர் இணைப்பின் வழியே தாயின் வயிற்றில் குட்டிகளை ஊட்டி வளர்த்து ஈனுவது. மீன் சந்தையில் மலிவாகக் கிடைத்த அந்தச் சுறாவின் வயிற்றைத் திறந்து, கொடியில் தொங்கும் குட்டிகளைக் கண்ட மாணவருக்கு, கருவின் ஊட்டம் பற்றி எந்த மனித உடற்கூற்று நூலும் அவ்வளவு தெளிவாக உணர்த்தியிருக்க முடியாது.

அந்தச் சுறா பல தலைமுறைகளாகப் பி.எஸ்சி. விலங்கியல் மாணவர்களைக் கலங்கடித்ததற்குக் காரணம் அதன் கபால நரம்புகள், அதாவது மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகள். குருத்தெலும்புக் கபாலத்தைச் சிறு சீவல்களாகச் செதுக்கி, கண்குழியின் குறுக்கே ஓடும் ஐந்தாவது நரம்பின் கிளையை அறுபடாமல் வெளிக்கொணர்ந்து, ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது நரம்புகளைச் செவுள் பிளவுகள் வரை பின்தொடர்ந்து, அவற்றின் அடியில் கறுப்புத் தாள் துண்டுகளைச் செருகிக் காட்ட வேண்டும். கத்தி ஒரு நூலிழை தவறினாலும் தேர்வு போயிற்று. ஆயினும் மருத்துவப் படிப்புக்குப் போனவர்களுக்கு அந்த வேதனையின் பயன் பின்னரே விளங்கியது. மனிதனில் அந்நரம்புகள் பன்னிரண்டு, சுறாவில் பத்து. சுறாவின் ஒன்பதாவது நரம்பு முதல் செவுள் பிளவுக்கும், பத்தாவதான வேகஸ் மற்றப் பிளவுகளுக்கும் இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்கிறது. மனிதனில் செவுள்கள் இல்லாவிடினும் அதே நரம்புகள் தொண்டைக்கும் குரல்வளைக்கும் இதயத்துக்கும் செல்கின்றன. குரல்வளைக்குப் போக வேண்டிய வேகஸ் கிளையொன்று இடப்பக்கத்தில் நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியை வளைந்து மீண்டும் கழுத்துக்கு ஏறுகிறது. தைராய்டு அறுவையில் மருத்துவர்கள் அஞ்சிக் காக்கும் இந்தச் சுற்றுவழி, மனித உடலை மட்டும் பார்ப்பவருக்கு விளங்காப் புதிர். செவுள் வளைவுகளின் தமனிகளையும் நரம்புகளையும் ஒருமுறை வரைந்தவருக்கு அது வெளிப்படை. வகைமாதிரி முறை தன் வாக்குறுதியை முழுவதும் நிறைவேற்றிய இடம் இதுவே.

சென்னை மாகாணத்தில் இம்மரபைப் பரவலாக்கியது ஏகாம்பரநாத அய்யரின் விலங்கியல் பாடநூல். பிற்காலப் பதிப்புகளில் பூச்சியியல் அறிஞர் டி.என். அனந்தகிருஷ்ணன் இணைந்த அந்நூல், இன்டர்மீடியட், பி.யு.சி. என்று படிப்புகளின் பெயர் மாறியபோதும் மாணவரின் மேசையைவிட்டு அகலவில்லை. குளத்துப் பச்சைத் தவளையான ரானா ஹெக்ஸடாக்டைலா இங்கே ஐரோப்பியத் தவளையின் இடத்தைப் பிடித்தது. மெழுகு ஊற்றிய தட்டு, குண்டூசிகள், குளோரோஃபார்ம் வாடை, நிழலிடாமல் ஒற்றைக் கோட்டில் பென்சிலால் வரைந்து பாகம் குறித்த ரெக்கார்டு நோட்டு, தேர்வறையில் வரிசையாக வைக்கப்பட்டு அடையாளம் சொல்ல வேண்டிய ‘ஸ்பாட்டர்’ ஆகிய அனைத்தும் தென் கென்சிங்டன் வகுப்பின் வழிவந்தவையே. ஆனால் அங்கே வரைபடம் பார்த்ததற்குச் சான்றாக இருந்தது. இங்கே மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து வரைவதும் செல்லுபடியாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. 1960களுக்குப் பின் தமிழ்வழிக் கல்லூரிக் கல்விக்காக அரசு வெளியிட்ட விலங்கியல் நூல்களும் இதே விலங்குகளை, இதே வரிசையில், தமிழில் தந்தனவேயன்றி முறையை மாற்றவில்லை.

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. தவளைக் கால்களை ஏற்றுமதி செய்வதற்காக வயல்களிலும் குளங்களிலும் தவளைகள் பெருமளவில் பிடிக்கப்பட்டதால், இந்திய அரசு 1987இல் அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தவளையைக் கல்லூரிக் கூடத்துக்குக் கொண்டுவருவதைக் கடினமாக்கியது. சில காலம் கரப்பான்பூச்சியும் இறாலும் அந்த இடத்தை நிரப்பின. விலங்கு நல அமைப்புகளின் நெடிய வலியுறுத்தலுக்குப் பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் அறுவையைப் படிப்படியாகக் குறைக்கும் நெறிமுறைகளை வெளியிட்டு, 2014இல் விலங்கியல் பட்டப்படிப்புகளில் அதனை அறவே நிறுத்தும்படி அறிவித்தது. ஒரே பாடத்துக்காக ஆண்டுதோறும் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டதை, அதுவும் பெரும்பாலான மாணவர் ஆராய்ச்சிக்கோ மருத்துவத்துக்கோ போகாத நிலையில், எந்த வாதத்தாலும் நியாயப்படுத்துவது அரிது. அதே வேளையில் சுறாவின் வேகஸைக் கணினித் திரையில் சொடுக்கிப் பார்ப்பவர், நூல் தவறாக இருக்கக்கூடும் என்று ஐயுறும் வாய்ப்பைப் பெறுவதில்லை என்பதும் உண்மை. ஃபெரிடிமாவைப் பற்றிய ஐயம் திரையிலிருந்து எழுந்ததல்ல.

இதன் விளைவாகச் செய்முறைக் கூடத்தில் எஞ்சியிருக்கும் உயிருள்ள உடல் பெரும்பாலும் மாணவருடையதே. விரல் நுனியில் லான்செட்டால் குத்தியெடுத்த துளி இரத்தத்தை ஆன்டிசீரத்துடன் கலந்து இரத்தப் பிரிவைக் கண்டறிதல், சாலி முறையில் ஹீமோகுளோபினை நிறம் ஒப்பிட்டு அளத்தல், பக்கத்து இருக்கைக்காரரின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தல், மாடிப்படி ஏறி இறங்கிய பின் நாடித்துடிப்பை எண்ணுதல் ஆகியவை இன்று விலங்கியல் பட்டப்படிப்பின் வழக்கமான பயிற்சிகள்.